மழை வந்தால்தான் வீடு காட்டுவேன்

இரண்டு வருடங்களுக்கு முந்தைய மாசி மாதம். கண்டி மஹய்யாவையில் நாங்கள் இருந்த வாடகை வீட்டின் சொந்தக்காரர், மகனுக்குக் கல்யாணம் பேசிவிட்டு, "சித்திரை முடியுறதுக்குள்ள வீட்டைத் தந்துருங்க" என்று சொல்லிவிட்டார். நான் ஆசிரியை, கணவர் மாநகர சபையில் வேலை. இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இன்னொரு வாடகை வீடு தேட எங்களுக்குத் தெம்பில்லை. பதினெட்டு வருடமாகச் சேர்த்ததைப் போட்டுச் சொந்த வீடு வாங்குவோம் என்று துணிந்தோம். சேர்த்தது ஒரு தடவைக்குத்தான் காணும். தப்பான வீட்டில் போட்டால் மறுபடி எழுந்திருக்கவே முடியாது.

என்னோடு படிப்பிக்கும் முஸ்லிம் டீச்சர் ஒருவர், "கெலிஓயாவில ஒரு தாத்தா ஈக்கிறாங்க, நல்ல வீட்டு புரோக்கர்" என்று நம்பர் தந்தார். என் கணவர் நுவரெலியாப் பக்கத் தோட்டத்தில் வளர்ந்தவர். "வயசான மனுசன், பாவம், மலையெல்லாம் ஏறி எப்படி வீடு காட்டுவாரு?" என்று கவலைப்பட்டபடியே வந்தார். கெலிஓயாச் சந்தியில் நின்றவரோ என் வயதுப் பெண்! கறுப்பு அபாயா, கையில் பெரிய ஆம்பிளைக் குடை. எங்கள் ஊர் முஸ்லிம் வீடுகளில் அக்காவைத்தான் தாத்தா என்பார்கள். என் கணவர் முழித்த முழியைப் பார்த்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தெரிந்தும் நான் வேண்டுமென்றேதான் சொல்லாமல் விட்டிருந்தேன்.

அன்று நான்கு வீடுகளை ரோட்டில் நின்றபடியே காட்டினார். உள்ளே போகலாமா என்றால் மாட்டேன் என்றுவிட்டார்.

"வெயில்ல எல்லா வீடும் மாப்பிள்ளை மாதிரித்தான் ஈக்கும் டீச்சர். மழைல பாத்தாத்தான் வண்டவாளம் தெரியும். மழை வந்தோடன போன்ல கோல் எடுக்கிறேன். மழைல பாக்காம எந்த வீட்டையும் உங்கட தலைல கட்ட மாட்டேன். நான் காட்டின வீட்ட நீங்களும் நான் இல்லாம முடிக்கக் கூடாது. சரியா?"

சரி என்று கையில் அடித்துக் கொடுத்தேன்.

அந்த வருடம் பார்த்தா வெயில் மண்டையைப் பிளக்க வேண்டும்! பங்குனி பிறந்தும் ஒரு தூறல் இல்லை. வாரா வாரம், "இன்னும் மழை இல்ல டீச்சர்" என்று மெசேஜ் வரும். மழை வருகிறதோ இல்லையோ, சித்திரை வந்துகொண்டிருந்தது. எனக்குத் தூக்கம் போய்விட்டது.

அப்போதுதான் அந்த நான்கில் ஒன்றான வெள்ளை வீட்டின் சொந்தக்காரர் கணவருக்குப் போன் பண்ணினார். அன்றைக்கு நாங்கள் ரோட்டில் நின்றபோதே வெளியே வந்து இவரிடம் நம்பரை வாங்கி வைத்திருக்கிறார். புரோக்கர் எதற்கு, நேரடியாக முடித்தால் விலையிலும் குறைத்துத் தருகிறேன் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்களே போய்ப் பார்த்தோம். புதுப் பெயின்ட் வாசம், ஜன்னலைத் திறந்தால் கீழே மகாவலி ஆறு. மயங்கிவிட்டேன். அடுத்த வியாழன் மூன்று மணிக்கு கண்டி டவுனில் பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் ஒப்பந்தம் போடுவது என்று முடிவானது. அந்த வாரமும் தாத்தாவின் மெசேஜ் வந்தது. "சரி தாத்தா" என்று வெட்கமில்லாமல் பதில் போட்டேன்.

வியாழக்கிழமை. கைப்பையில் காசோலை. நொத்தாரிசின் ஆபீஸ் படியில் கால் வைக்கிறேன், வானம் இருண்டு இடி இடித்துக் கொட்டத் தொடங்கியது! மூன்றாவது படி ஏறுவதற்குள் போன் அடித்தது.

"டீச்சர்! மழை! மழை வந்துட்டு! இங்க அப்பவே தொடங்கிட்டு, அடுப்ப அணைச்சிட்டு ஓடி வந்து அந்த வெள்ளை வீட்டுக்குப் பின்னாலதான் நிக்கிறேன். ஓடி வாங்கோ!"

பள்ளிக்கூடம் லீவு விட்ட பிள்ளையின் குரல் மாதிரி அத்தனை சந்தோஷம். எங்களுக்காக அப்படி ஓடியிருக்கிறார். "இந்தா வர்றோம் தாத்தா" என்றேன். "மேல நொத்தாரிஸ் காத்துக்கிட்டு இருக்காரே!" என்றார் கணவர். "இருக்கட்டும்" என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே ஓடினேன்.

த்ரீவீல் பிடித்தோம். பேராதனையில் வாகனங்கள் நகரவே இல்லை. மழை விட்டுவிடக் கூடாதே என்று நான் வேண்டாத சாமி இல்லை. மழை வேண்டும் என்று வேண்டிக்கொண்டே நனைந்தது வாழ்க்கையில் அன்று ஒரு நாள்தான்!

வீட்டுக்குப் பின்னால் தொப்பலாக நனைந்தபடி தாத்தா நின்றார். மலையை வெட்டிக் கட்டியிருந்த கல் மதிலின் ஒவ்வொரு இடுக்கிலும் சேற்றுத் தண்ணீர் பீய்ச்சியது. சமையலறைச் சுவரில் புதுப் பெயின்ட் அப்பளமாக உப்பியிருந்தது. தாத்தா குடை நுனியால் ஒரு குத்துக் குத்தினார். புட்டுக்குள் போவது போல் உள்ளே போனது! நாங்கள் வாயைப் பிளந்து நிற்கும்போதே மதிலின் மூலை பெயர்ந்து, அலுமாரி அளவு மண் சடசடவென்று சமையலறை வாசலில் விழுந்தது. மூன்று பேரும் அலறிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினோம்.

"தப்பிட்டீங்க டீச்சர்!" என்று மூச்சு வாங்கச் சிரித்தார் தாத்தா.

அந்த நேரம் பார்த்துக் கணவரின் போன் அடித்தது. பதற்றத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டார். "எங்க நிக்கிறீங்க? எழுதுறதுக்கு நொத்தாரிஸ் ரெடியா இருக்காரு" என்றது வீட்டுக்காரரின் குரல்.

தாத்தாவின் சிரிப்பு நின்றது. என் முகத்தைப் பார்த்தார். பிறகு நான் நெஞ்சோடு அணைத்திருந்த கைப்பையைப் பார்த்தார். வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நடுரோட்டில் நின்று அழுதேன்.

இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை காலை. மஹய்யாவை வீட்டுத் தகரக் கூரையில் மழைச் சத்தம். போன் அடித்தது.

"டீச்சர், மழை பெய்யுது. கெலிஓயா டவுனுக்குக் கிட்ட ஒரு சின்ன வீடு ஈக்கி. வாரீங்களா?"

"தாத்தா, என்னை மன்னிச்சிருங்க..."

"அத பொறகு பாப்பம். மழை விடுறதுக்கு முந்தி வாங்கோ!"

அந்தச் சின்ன வீட்டில்தான் இப்போது இருக்கிறோம். மகாவலி தெரியாது, பக்கத்து வீட்டு மதில்தான் தெரியும். மழை தொடங்கினால் மற்றவர்கள் கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுவார்கள். நான் சமையலறைச் சுவரைத் தொட்டுப் பார்க்க ஓடுவேன். காய்ந்துதான் இருக்கும். கையில் அடித்துக் கொடுத்த வாக்கில் என் பாதியை நான் காற்றில் விட்டுவிட்டேன். அவர் விடாமல் பிடித்திருந்த மறுபாதிக்குக் கீழேதான் நாங்கள் நான்கு பேரும் இன்று நனையாமல் இருக்கிறோம்.