அகல்யாவின் சண்டைக்கார ரத்தம்

புனே போபோடியில் இருந்த அகல்யா புருஷனோடு சண்டை போட்டுத்தான் உயிர் பிழைத்தாள். சண்டையை மூட்டிவிட்டவள் அவள் பெரியம்மாவான நான். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். சண்டை நடந்தது மட்டும் நிஜம்.

கணவர் ஜம்புநாதன் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஃபிட்டர். இவள் சந்துமுனையில் இட்லி மாவு அரைத்து விற்றாள். கடையில் மராட்டியில் வெளுத்துக்கட்டுவாள். வீட்டிலோ, அவர் சாம்பாரில் உப்பில்லை என்றால், உப்பு சரியாக இருந்தாலும் “ஆமாங்க” என்று டப்பாவை எடுத்து வருவாள்.

1996இல் அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டன. போசரியிலிருந்து தம்பி கோகுல்நாத் ஓடிவந்தான். “என்னோடத எடுத்துக்கக்கா.”

அதை அவளுடைய வெள்ளை அணுக்கள் அல்லவா ஏற்க வேண்டும்? ஆய்வகத்தில் அவற்றைத் தம்பியின் அணுக்களோடு ஒரு தட்டின் ஒரே குழியில் விட்டுச் சில நாள் வைத்தார்கள். அந்நியம் என்று கண்டால் அக்காவின் அணுக்கள் படை திரட்டும். அப்படிப் பெருக, ஓர் அணு இரண்டாவதற்கு முன் டி.என்.ஏ.வைப் புதிதாகச் செய்தாக வேண்டும். அதற்கான சரக்கில் துளி கதிரியக்கம் ஏற்றிக் கொடுத்தால், எவ்வளவு விழுங்கின என்று எந்திரம் எண்ணிவிடும். எண் சிறிதென்றால் சமாதானம். ஒத்துப்பார்க்க இன்னொரு குழிக்கு ரத்த உறவில்லாத ஒருவரின் அணுக்கள் வேண்டும். ஜம்புநாதன் கையை நீட்டினார்.

நடுவில் வந்தது வியாழக்கிழமை, மின்வெட்டு நாள். ஜெனரேட்டரும் மக்கர் செய்ய, அணுக்கள் இருந்த சூட்டுப்பெட்டி ஆறிப்போனது.

கடைசி நாள், தம்பியின் குழிக்கு மிகச் சின்ன எண் வந்தது. கோகுல் துள்ளினான். ஆய்வகப் பெண் ப்ரீத்தி சிரிக்கவில்லை.

“அணுக்கள் செத்திருந்தாலும் இப்படித்தான் வரும். சாரோட குழியில எண்ணு எகிறணும். அப்பதான் இத நம்பலாம்.”

“எகிறலன்னா?”

“மறுபடி முதல்லேருந்து. ஆனா அவ்ளோ நாள் இவங்க...” அகல்யாவின் வீங்கிய கால்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

ஜம்புநாதனுக்கு முகம் வெளிறியது. “என்ன எதுத்து ஒரு வார்த்த பேசாதவ. இவ ரத்தமா சண்ட போடும்?”

எந்திரம் அடுத்து ஜம்புநாதன் குழியின் புட்டியை உள்ளே இழுத்தது.

“இன்னிக்காவது போடுடி!” என்று அதட்டினேன்.

காகிதம் நகர்ந்தது. தம்பியின் எண்ணைப்போல் முப்பது மடங்கு.

“அடிப்பாவி!” என்றார் ஜம்புநாதன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

தம்பியின் சிறுநீரகம் பொருத்திப் பன்னிரண்டு வருஷம் கழித்து, இதை எழுதி அவள் கடையில் உட்கார்ந்து அவளுக்கும் ஜம்புநாதனுக்கும் படித்துக் காட்டினேன். அகல்யா கிரைண்டரை நிறுத்தினாள்.

“நீங்க எங்க பெரியம்மா அதட்டுனீங்க? முந்தானைய வாயில வச்சிகினு மூலையில அழுதுகினு இருந்தீங்க. ‘போடுடி’ன்னு கத்துனது இவருதான்.”