நாங்கள் ஓட்டிக் கொடுத்த படம்

அட்டன் தியேட்டர் மானேஜர் எங்களுக்குப் பிளேன்டீ கொடுத்தான். நாங்களும் அதை வாங்கிக் குடித்தோம். இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அறுபதுகளின் தொடக்கம். இலங்கை மலைநாட்டில், டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். இந்தியாவிலிருந்து வந்த ஒரு படம் அட்டனில் ஓடுவதாக ஒரு சனிக்கிழமை நாத்தனார் வந்து சொன்னாள். ஓடுகிறது என்று சொல்வதே தப்பு. உள்ளே பத்துப் பேர்கூட இல்லையாம். அடுத்த வெள்ளிக்கிழமை படப்பெட்டியை ரயிலில் ஏற்றிவிடப் போகிறார்களாம். அதில் ஒரு கோமாளி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஊர் திரும்பியவன். யார் எதைக் கேட்டாலும் தலையைச் சொறிந்துகொண்டு, “தொரைய கேட்டு சொல்றேங்க” என்பானாம். ஊர் எது? தொரைய கேட்டு சொல்றேங்க. பெண்டாட்டி பேர் என்ன? தொரைய கேட்டு சொல்றேங்க.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த நாடு எங்களைக் குடிமக்களே இல்லை என்று தள்ளி வைத்திருந்த காலம் அது. பாட்டன் பூட்டன் புறப்பட்டு வந்த ஊரும் எங்களைப் பார்த்துச் சிரித்தால் நாங்கள் எங்கே போய் நிற்பது? என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. பள்ளிக்கூடத்தில் சேர்க்க இருந்தேன். அந்தப் பேச்சு அவள் காதில் விழவே கூடாது என்பதுதான் எனக்குக் கவலை.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துப் பெண்கள் இருபது பேரைக் கூட்டிக்கொண்டு தியேட்டர் வாசலில் போய் நின்றேன். படத்தை நிறுத்தச் சொல்லிக் கத்தினோம். போலீசைக் கூப்பிடுவான் என்று பார்த்தால், மானேஜர் சிரித்த முகமாக வெளியே வந்து பெஞ்சு போட்டான்.

“தொண்ட கட்டிரும்மா. டீயக் குடிச்சிட்டு நல்லா சத்தமா சொல்லுங்க.”

நல்ல மனுஷன் என்று நினைத்தோம். எங்கள் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

மறுநாளே போஸ்டரின் மேல் புதுத்தாள் ஒட்டிவிட்டான். ‘தோட்டத்துப் பெண்கள் கொதித்தெழுந்த படம்! தடை வருமுன் பாருங்கள்!’ அவ்வளவுதான். அக்கரப்பத்தனையிலிருந்தும் பூண்டுலோயாவிலிருந்தும் ஆட்கள் லொறி பிடித்து வந்தார்கள். அடுத்த ஞாயிறு நாங்கள் மறுபடி போனபோது வரிசை பஸ் நிலையம்வரை நீண்டிருந்தது. சிலர் எங்களைப் பார்க்கவே வந்திருந்தார்கள். “இவங்கதானா அது?” என்று கைகாட்டிவிட்டு டிக்கெட் வாங்கினார்கள்.

வரிசையில் என் வீட்டுக்காரரும் நின்றார், மகளைத் தோளில் வைத்துக்கொண்டு.

“வெக்கமா இல்லையா ஒங்களுக்கு?”

“என்ன சொல்லியிருக்கான்னு பாக்காம எப்படி புள்ள திட்டுறது?”

அவருக்குப் பின்னால் நின்றவன் எட்டிப் பார்த்தான். “அக்கா, அப்படி என்னதான் சொல்றான் அவன்?”

எனக்கு இருந்த ஆத்திரத்தில், கோமாளி மாதிரியே தலையைச் சொறிந்து சொல்லிக் காட்டினேன். “இப்படித்தான்டா ஒன்னையும் என்னையும் சொல்றான்!” வரிசை முழுவதும் கொல்லென்று சிரித்தது. மூன்று மணி நேரம் கழித்து வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். அழுதிருக்கிறார் என்று நினைத்தேன். சிரித்திருக்கிறார்.

படம் ஒரு மாதம் ஓடியது. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில், லீவு கேட்டவளிடம் கங்காணி தலையைச் சொறிந்து காட்டினார். கேட்டவளும் சேர்ந்து சிரித்தாள். மானேஜர் என்னிடம் ஆள் அனுப்பினான், அடுத்த படத்துக்கும் வந்து நிற்க முடியுமா என்று. வந்தவனை விளக்குமாற்றால் விரட்டினேன்.

அப்புறம் மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனேன். வாத்தியார் பதிவுப் புத்தகத்தைத் திறந்து, “பேரு என்னம்மா?” என்று அவளைக் கேட்டார்.

அவள் தலையைச் சொறிந்தாள். “தொரைய கேட்டு சொல்றேங்க.”

வாத்தியார் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அவரும் பார்த்திருக்கிறார். வாசலில் நின்ற தாய்மாரும் சிரித்தார்கள். நான் அவள் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டேன். அதுவரை அவளை நான் அடித்ததே இல்லை.

வழியெல்லாம் விசும்பிக்கொண்டே வந்தாள். லயம் தெரியும் இடத்தில் நின்றுவிட்டாள்.

“படத்துல எனக்கு ஒண்ணும் புரியலம்மா, நான் தூங்கிட்டேன். நீ வாசல்ல செஞ்சு காட்டினியே, அதத்தான் செஞ்சேன்.”