திருப்பித் தராத மாஸ்க்

முகமூடி போட்டவர் எல்லாம் திருடர் என்று பத்து வயதாகியும் நம்பிக்கொண்டிருந்தேன். அதனால் ஒரு சாயங்காலம் பெற்ற தாயையே திருடி என்று முடிவுகட்டிக் கட்டிலுக்கடியில் ஒளிந்தவன் நான்.

நேற்று மருந்துக்கடையில் புது மாஸ்க்கைப் பிரித்தபோது அடித்த ரப்பர் வாடையில், கும்மிடிப்பூண்டியில் அம்மா வேலைசெய்த இரும்புக் கம்பெனிக்குப் பின்னால் இருந்த, இப்போது குடோனாகிவிட்ட எங்கள் லைன்வீடு திரும்பி வந்தது: கொடியில் காயும் துணியிலும், மூடிவைத்த சோற்றிலும், அம்மாவின் இருமலிலும் ஒரே செம்பழுப்புத் தூசி. அதிகாரிகள் பார்வையிட வரும் நாளில் மட்டும் கம்பெனியில் எல்லோருக்கும் மாஸ்க் கொடுப்பார்கள். அவர்கள் ஜீப் கிளம்பியதும் அட்டைப்பெட்டியை நீட்டித் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அந்த முகமூடியைப் போட்டுக்கொண்டது கம்பெனிதான் என்று எனக்கு விளங்கப் பல வருடமாயிற்று.

அன்று அம்மா அதைக் கழற்றாமலே வீட்டுக்கு வந்துவிட்டாள். பின்னாலேயே காக்கிச் சட்டையில் சூப்பர்வைசர்.

"குடுத்துடு விஜயா, பேஜாரு பண்ணாத. வேல போயிடும்."

"நாளைக்கும் தூசி வரும்ல சார்? அப்ப இன்னாத்த கட்டிக்கினு வேல செய்றது?"

"போலீஸ் சார், எங்கம்மாவ உட்டுடுங்க!" என்று கட்டிலுக்கடியிலிருந்து அலறினேன். சூப்பர்வைசரே சிரித்துவிட்டார். அம்மா சிரித்தாளா என்று மாஸ்க்குக்கு மேலே தெரியவில்லை.

மறுநாள் அதைப் போட்டுக்கொண்டே வேலைக்குப் போனாள். வேலை போகவில்லை. அடுத்த முறை ஜீப் கிளம்பியபிறகு, நீட்டிய அட்டைப்பெட்டியில் ஒருவரும் மாஸ்க்கைப் போடவில்லை.