வக்கீலம்மாவின் கத்தரிக்கோல்

என் அத்தை தையல் கடை வைத்திருந்தாள். ஆனால் தையல்காரம்மா வீடு எது என்று கேட்டால் தெருவில் ஒருவருக்கும் வழி சொல்லத் தெரியாது. வக்கீலம்மா என்று கேட்க வேண்டும். கோர்ட் வாசலை அவள் மிதித்ததே இல்லை. அளவு கொடுக்க வருகிற பெண்ணிடம், "இந்தத் துணி யாரு எடுத்துக் குடுத்தது? அவரா? திடீர்னு எதுக்கு?" என்று ஆரம்பித்தாளானால், அந்தப் பெண் வீட்டுக்குப் போய்ப் புருஷனோடு ஒரு சண்டை போடாமல் தூங்க மாட்டாள். யார் எதைச் சொன்னாலும் அத்தைக்கு இரண்டாவது சாட்சி வேண்டும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக்கூட என் பக்கம் திரும்பி, "உன்னோடதுல எவ்வளவு?" என்பாள்.

இது பிறவிக் குணம் அல்ல. மாமாவுக்கு வேலை போனபோது அதை மறைத்து, ஒரு வருஷத்துக்கு மேல் தினமும் சாப்பாட்டுப் பையோடு கிளம்பிப் போய்ப் பூங்காவில் உட்கார்ந்துவிட்டு வந்தார். அது தெரிந்தபோது அத்தை அழுதுவிட்டு மன்னித்தாள். பிறகு நெஞ்சு வலியை வாயுத்தொல்லை என்று சொல்லி மறைத்தார். அதை மன்னிப்பதற்குள் ஆள் போய்விட்டார். "என்னைக் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னு நினைச்சாராம்" என்று அத்தை சொல்லும்போது அவள் முகத்தை நான் பார்க்க மாட்டேன். அதற்குப் பிறகு யாராவது கனிவாகப் பேசினாலே அவளுக்குச் சந்தேகம் தட்டிவிடும்.

அவள் முழுசாக நம்பியது ஒன்றே ஒன்றைத்தான்: துணி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோலை. அதில் காகிதம் வெட்டக் கூடாது, நூல்கூட நறுக்கக் கூடாது. கடையில் இன்னொரு மெஷினில் உட்கார்ந்து தைப்பவள் நான், அண்ணன் மகள் வேறு. ஆனாலும் அதை நான் தொட்டால், "வைடி கீழே" என்று ஒரு குரல் வரும். துணியைத் தவிர வேறு எதில் வைத்தாலும் கூர் போய்விடும் என்பாள்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த மருமகன் கிரேன் ஓட்டுகிறவர். எங்கள் கடைக்கு எதிரே, தெருவைத் தாண்டி, ஒரு பெரிய கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் நின்ற உயரமான கிரேனின் உச்சிக் கூண்டில்தான் அவருக்கு வேலை. பேச்சு குறைவு, சிரிப்பு அதிகம். அத்தைக்கு அது போதும். "பேசாம சிரிக்கிறவன் எதையோ மறைக்கிறான்" என்பாள். முகத்துக்கு நேரே மாப்பிள்ளை, நீங்க, வாங்க. முதுகு திரும்பியதும் அவன், இவன். அவர் மேலே ஏறியதும் கடை வாசலில் நின்று போன் போடுவாள். "மேலதானே இருக்கீங்க? கையைக் காட்டுங்க பாப்போம்." கூண்டிலிருந்து ஒரு கை நீண்டு ஆடும். கை தெரிந்த பிறகுதான் மெஷினில் உட்காருவாள். அவர் ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை. அதுவும் அத்தைக்குச் சந்தேகத்தைத்தான் வளர்த்தது.

அந்தக் குளிர்காலத்தில் அத்தை மகளுக்கு நிறைமாதம். எழுந்து நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் கடைக்கு மேலே இருந்த அறையில் படுத்தே கிடந்தாள். ஜன்னலைத் திறந்தால் கிரேன். அந்த நேரத்தில்தான் புயல் வருகிறது என்று அறிவித்தார்கள்.

அத்தை புயலையும் விசாரிக்கத் தொடங்கினாள். ரேடியோ ஒரு பக்கம் பேசியது. என் போனில் சுழன்றுகொண்டிருந்த வண்ண வட்டத்தை அடிக்கடி காட்டச் சொன்னாள். இரண்டும் ஒத்துப்போனால், "பேசி வச்சுக்கிட்டு சொல்றாங்க" என்றாள். ஒத்துப்போகாவிட்டால், "பாத்தியா, ஒருத்தனுக்கும் தெரியலை" என்றாள். கடைசியில் சிவப்பு லைனிங் துணியில் ஒரு பட்டை கிழித்து, கடைப் பலகையின் கம்பியில் கட்டிவிட்டாள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று அது காட்டுமாம். துணி மட்டும் பொய் சொல்லாது என்பது அவள் கட்சி.

புயல் நெருங்கிய காலையில் கட்டட வேலையை நிறுத்திவிட்டார்கள். மருமகன் மட்டும் கிரேன் மேலே ஏறினார். அத்தை விடுவாளா? வேலை இல்லாத நாளில் மேலே என்ன வேலை என்று அவர் கீழே இறங்கும் வரை மூன்று நான்கு தடவை போன் அடித்தாள். அந்த மழையிலும் அவர் கையை நீட்டி ஆட்டினார். பிறகு அவசரமாக இறங்கி, சொட்டச் சொட்டக் கடைக்கு வந்தார்.

"பிரேக்கை எடுத்து விட்டாச்சு அத்தை. இனிமே காத்து அடிக்கிற பக்கம் அதுவா திரும்பிக்கும். சுத்துதேன்னு யாரும் பயப்பட வேண்டாம். சுத்தாம நின்னாத்தான் பயம்."

"புயல் வரப்போகுதுன்னு ஊரே எல்லாத்தையும் இழுத்துக் கட்டுது. நீங்க அவ்வளவு பெரிய இரும்பை அவுத்து விட்டுட்டு வந்தேங்கறீங்க?"

"ஆமா அத்தை. கட்டுனாத்தான் ஆபத்து."

"அப்ப இவளை வேற எங்கயாவது கூட்டிட்டுப் போயிடலாமே?"

"வேண்டாம் அத்தை. ஆட்டோவுல குலுங்கறதை விட இந்த ரூம்தான் பத்திரம். அது சுத்துற வரைக்கும் ஒண்ணும் ஆகாது." மாடிக்குப் போய் மனைவியைப் பார்த்துவிட்டு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. கம்பெனிக்கு இன்னொரு இடத்திலும் வேலை நடக்கிறது, அங்கேயும் போய்ப் பிரேக்கை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு மழைக்குள் போய்விட்டார்.

"பையில என்ன இருந்துச்சு பாத்தியா?" என்றாள் அத்தை.

"சட்டை மாதிரி தெரிஞ்சுது."

"தேய்ச்ச சட்டை! மடிப்புக் கலையாத சட்டை! புயல்ல கிரேன் ஏறப் போறவனுக்கு எதுக்குடி தேய்ச்ச சட்டை?"

உடனே அந்த இன்னொரு இடத்து வாட்ச்மேனுக்குப் போன் போட்டாள்; அவர் நம்பரை எப்போதோ வாங்கி வைத்திருந்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. திரும்பப் போட்டாள். அதற்குள் சிக்னல் செத்துப்போனது. கொஞ்ச நேரத்தில் கரண்டும் போனது. அத்தை அந்த மௌனமான போனைப் பார்த்த பார்வையில் மாமா பூங்காவில் கழித்த அத்தனை நாளும் இருந்தன.

எதிரே கிரேன் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. ஆளில்லாத கூண்டு, அதன் போக்கில் ஆடுகிற நீண்ட இரும்புக் கை. அதன் கொக்கியிலிருந்து ஒரு தடித்த கயிறு கீழே வரை தொங்கியது. தூக்குகிற சாமானை ஆடாமல் பிடித்துக்கொள்வதற்கான கயிறு. அத்தை குடையை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து போனாள். கேட் பக்கத்துக் கொட்டகையில் இருந்த இந்தக் கட்டடத்து வாட்ச்மேனிடம் அவள் கத்தியது இங்கே வரை கேட்டது.

"அவன் அவுத்து விட்டுட்டு எங்கயோ போயிட்டான். கயிறுதான் தொங்குதே, ஒரு தூண்ல கட்டிப் போட்டா என்ன?"

"ஆபரேட்டர் சொல்லாம நான் எப்படிம்மா தொடறது?"

"நீ பகல்ல தூங்கறதைக் கூடத்தான் யாரும் சொல்லலை. அதை மட்டும் எப்படிச் செய்யறே?"

திரும்பி வந்து, "மாட்டேங்கறான்" என்று முணுமுணுத்தபடி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தைக்க வெளிச்சம் இல்லை. கடல் பக்கமிருந்து காற்று அறைந்தது. மழை மேலிருந்து கீழே விழவில்லை, குறுக்கே ஓடியது. எதிர்வீட்டுத் தகரம் ஒன்று எழுந்து போய்க் கம்பி வேலியில் சொருகிக்கொண்டது. நான் வாளியும் துணியுமாகக் கதவிடுக்கில் வருகிற தண்ணீரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அத்தை அசையவில்லை. கிரேனையும் சிவப்புத் துணியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மருமகனைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்காகத்தான் அந்தக் காவல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மதியத்துக்குப் பிறகு காற்று ஒருமுறை ஓய்ந்தது. "போயிடுச்சு அத்தை" என்றேன்.

"யார் சொன்னா?" என்றாள்.

அவள் கேட்டது சரிதான். சிறிது நேரத்தில் மறுபடி வந்தது, இந்த முறை கடலுக்கு எதிர்ப்புறம், ரயில் நிலையத்துப் பக்கமிருந்து, முன்னைவிட வெறியாக. சிவப்புத் துணி அப்படியே திரும்பிக் கடல் பக்கம் விறைத்து நின்றது. அத்தை எழுந்துவிட்டாள்.

"ஏண்டி, துணி திரும்பிடுச்சு. அது ஏன் திரும்பலை?"

கிரேன் கொஞ்சம் நகர்ந்து, ஏதோ பிடித்து இழுத்ததுபோல் நின்றது. காற்று அதன் விலாவில் அடித்தது. உச்சி முதல் அடி வரை ஒரு முனகல் வந்தது. கடைச் சுவரில் மாட்டியிருந்த அளவு டேப் நடுங்கியது. சுத்தாம நின்னாத்தான் பயம். அவர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்த நொடியில் அத்தை வெளியே ஓடிக்கொண்டிருந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

வாட்ச்மேன் கொட்டகையில் ஒடுங்கி நின்றிருந்தார்.

"ஏன் சுத்தலை?"

"நீங்கதானேம்மா சொன்னீங்க" என்றார், அழாத குறையாக. "நீங்க போனதும் மனசு கேக்கலை. தூண்ல கட்டிட்டேன்."

கீழ்த்தளத்துத் தூணில் கயிறு பல சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. முடிச்சு இறுகிக் கல்லாகியிருந்தது. வாட்ச்மேனும் நானும் விரல் நகம் பெயர இழுத்துப் பார்த்தோமே தவிர ஒன்றும் அசையவில்லை. மேலே இரும்பு மறுபடி முனகியது. அது சாய்ந்தால் எங்கள் கடை மேலும் அதன் மாடி மேலும்தான் சாயும். மாடியிலிருந்து அத்தை மகளை யாராலும் தூக்கிக்கொண்டு ஓட முடியாது.

"வெட்டிடலாம் அத்தை" என்றேன்.

"வெட்டினா அது நம்ம வீட்டு மேலதான்டி சுத்திட்டு வரும். அவன் சொன்னது பொய்யா இருந்தா? யார்கிட்ட கேக்கறது?"

"நான் அவரை நம்பறேன்."

"நீ எல்லாரையும் நம்புவே. உன் சாட்சி செல்லாது."

மழை அவள் முகத்தில் வழிந்துகொண்டிருந்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இந்த நேரத்திலுமா விசாரணை என்று கத்த வாயெடுத்தேன். அவள் மாடி ஜன்னலைப் பார்த்தபடி, எனக்கென்று இல்லாமல் தனக்கே சொல்லிக்கொண்டாள்: "ஆயிரம் பொய் சொல்றவனா இருக்கட்டும். வயித்துப் புள்ளையோட பொண்டாட்டியை இந்த ரூம்ல விட்டுட்டுப் போனானே. சுத்தும்னு அவன் நம்பாம விட்டிருப்பானா?"

பிறகு கடைக்கு ஓடினாள். திரும்பி வரும்போது கையில் பெரிய கத்தரிக்கோல் இருந்தது.

எங்களை ஒதுங்கச் சொல்லிவிட்டு, தூணுக்குப் பக்கவாட்டில் நின்று கயிற்றில் கத்தரியின் வாயை வைத்தாள். தையல்காரியின் மணிக்கட்டு அது. புரி புரியாக அறுத்தாள். கத்தரி நழுவித் தூணிலிருந்த இரும்பு நட்டில் இடித்துக் கிறீச்சிட்டது, அவள் நிறுத்தவில்லை. கடைசிப் புரி தானாகவே தெறித்தது. கயிறு சாட்டையாக வீசிக்கொண்டு மேலே போனது. வாட்ச்மேன் சேற்றில் விழுந்தார்.

கிரேன் திரும்பத் தொடங்கியது. அந்த நீண்ட கை எங்கள் கூரைக்கு மேலே, மாடி அறைக்கு மேலே, அவசரமில்லாமல் நகர்ந்து வந்தது. அத்தை கண்ணை மூடவில்லை. அது கடந்து போய்க் கடல் பக்கம் முகம் வைத்து நின்றது. முனகல் அடங்கிவிட்டது. அத்தை அப்படியே தூணடியில் உட்கார்ந்துவிட்டாள்.

இருட்டுவதற்கு முன் மருமகன் வந்து சேர்ந்தார். பாதி வழி நடந்தே வந்திருக்கிறார். நேராகக் கட்டடத்துக்குள் போய், தூணில் மிச்சமிருந்த கயிற்றைப் பார்த்துவிட்டுக் கடை வாசலில் வந்து நின்றார். முகத்தில் ரத்தமில்லை.

"கயித்தைக் கழட்டிட்டுத்தான் வந்திருக்கணும் அத்தை. போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, அவசரத்துல விட்டுட்டேன்."

"போன் அடிச்சது நான்தானே" என்றாள் அத்தை. "கட்டச் சொன்னதும் நான்தான்."

அவர் மறைவாகப் போய் ஈரச் சட்டையைக் கழற்றிவிட்டு, பையிலிருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். அத்தை பார்வை அதன் மடிப்பிலேயே நின்றது.

"புயலுக்கு எதுக்கு மாப்ளே தேய்ச்ச சட்டை?"

"நனைஞ்ச உடம்போட அவ பக்கத்துல போய் நிக்கக் கூடாதுல்ல, அதுக்குத்தான். தேய்க்காத சட்டை எடுக்கலாம்னுதான் பாத்தேன். நீங்க எல்லாத்தையும் தேய்ச்சு வச்சிருந்தீங்க."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அத்தை என்னை முறைத்துவிட்டு, துண்டை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

மறுநாள் காலையில் வானம் வெளுத்திருந்தது. அத்தை கூர் போன கத்தரிக்கோலை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். புதிதாக வாங்கித் தருகிறேன் என்று மருமகன் சொன்னதற்கு, சாணை பிடித்தால் போதும் என்றுவிட்டாள். அப்போதுதான் சிக்னல் வந்தது. வந்த கையோடு அவள் போன் அடித்தது. நான்தான் எடுத்து ஒலிபெருக்கியில் போட்டேன். அந்த இன்னொரு இடத்து வாட்ச்மேன்.

"அம்மா, நேத்து நீங்க கூப்பிட்டிருக்கீங்க. உங்க மருமகன் இங்க வந்தாரான்னு கேக்கத்தானே? அவர் நேத்து எங்க போனாருன்னா..."

அத்தை கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள். மருமகன் மாடியில் இருந்தார். அவள் பேசுவது அவருக்குக் கேட்க வழியில்லை.

"மாப்பிள்ளை அங்கதான் வந்தார். எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் போனை வைத்தாள்.