ஒரு மடக்குத் தண்ணீர்

ரத்தத்தை வெளியே எடுத்து, கழுவி, மறுபடி உடம்புக்குள் விடும் மிஷின் ஒன்று மெட்ராஸில் இருக்கிறது என்று மதுரை டாக்டர் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ரத்தம் என்ன துணியா, அலசிப் போட? ஆனால் என் வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னியும் கெட்டுப்போயிருந்தன. பந்தல்குடி ரோட்டில் பருத்தி லோடு லாரி ஓட்டியவர், முகமும் காலும் வீங்கி, மூச்சுவிட முடியாமல் கிடந்தார். எழுபதுகளின் நடுவில் அது. வேறு வழியில்லை, போனோம்.

மிஷின் பீரோ உயரம் இருந்தது. அவர் ரத்தம் குழாயில் போய்த் திரும்புவதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அவரோ மிஷினிலிருந்து ஓயாமல் வெளியேறிய தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இம்புட்டுத் தண்ணியும் எங்கய்யா போகுது?”

“சாக்கடைக்கு” என்றார் அங்கே வேலை பார்த்தவர்.

“நம்ம தெருப் பொம்பளைக பாத்தா இவரக் கட்டிவச்சு அடிப்பாக” என்று என் வீட்டுக்காரர் என்னிடம் சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்துப் பல நாளாகியிருந்தது.

வீக்கம் வடிந்தது. ஆனால் வாரந்தோறும் மிஷினில் படுத்தால்தான் உயிர் தங்கும் என்றார்கள். மெட்ராஸில் குடியிருந்து வைத்தியம் பார்க்க எங்களுக்கு ஏது வக்கு? “ஊருக்குப் போவோம்” என்று அவரே சொல்லிவிட்டார். தண்ணீர் அளவுக்கு மேல் போனால் நெஞ்சில் கோத்துக்கொள்ளும் என்று டாக்டர் என்னிடம் சொல்லி அனுப்பினார். அவரைக் கொஞ்ச நாளாவது இழுத்துப்பிடிக்க என் கையில் இருந்தது அது ஒன்றுதான்.

அருப்புக்கோட்டைச் சித்திரை வெயில். “ஒரு மடக்குக் குடு புள்ள” என்று கெஞ்சுவார். ஈரத்துணியால் உதட்டை நனைப்பேன். பானையை அடுப்படிக்குள் வைத்துப் பூட்டினேன். அவர் தங்கை திருச்சுழியிலிருந்து இளநீரோடு வந்தாள், நீர் பிரியுமே என்று. அவருக்கு அது விஷம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாய்வரை கொண்டுபோனதைத் தட்டிவிட்டேன். “தண்ணிகூடக் குடுக்காத பாவி” என்று தெருவில் நின்று அழுதாள்.

வைகாசி முடியுமுன் அவர் போய்விட்டார்.

ஒரு குடத்துக்கு முடியைப் பிடித்துச் சண்டை போடும் எங்கள் தெரு, அன்று குடம் குடமாகக் கொண்டுவந்து அவரைக் குளிப்பாட்டியது. தண்ணீர் முகத்தில் வழிந்து வாய்க்குள் இறங்கியது. “போதும், போதும்” என்று என்னையறியாமல் கையை நீட்டிவிட்டேன்.

அவர் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“விடுங்க மதினி. அண்ணன் இனியாவது குடிக்கட்டும்.”