இழுத்த மூச்சு

பீடி பிடித்தவர் தனசிங். நெஞ்சு கெட்டது அவர் மனைவி தபித்தாளுக்கு. ஈர விறகுப் புகையில் முப்பது வருடம் சமைத்தவளுக்குப் பீடி வேறு எதற்கு என்று ஊட்டி டாக்டர் கேட்டார்.

"குழாயெல்லாம் தீராத சளி. நுரையீரலும் தொளதொளத்துப் போச்சு. உள்ள போன காத்து வெளிய வரமாட்டேங்குது. பழையபடி ஆகாது, மோசமாகாம பாத்துக்கலாம்."

ஊர் ஊராக ஜனங்கள் காற்று வாங்க வருகிற மலையில், தபித்தாளுக்கு வாங்கிய காற்றை விடத் தெரியவில்லை.

டாக்டர் ஒரு இன்ஹேலர் கொடுத்தார். அதை அமுக்குவதும் மூச்சை இழுப்பதும் ஒரே நொடியில் நடக்க வேண்டும். எமரால்டு பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளியே அவள் விரல்கள் விறைத்திருந்தன. ஆகவே தனசிங் அமுக்க, அவள் இழுக்க என்று ஏற்பாடு. கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் எதையும் சேர்ந்தாற்போல் செய்ததில்லை. கோயிலுக்கே அவள் முதல் மணிக்குப் போவாள். கொழுந்து லாரி ஓட்டிய அவர் பிரசங்கம் முடிகிற சமயம் நுழைவார். மருந்து நாக்கோடு நின்றது.

"தேயிலைக்கு மருந்தடிக்கிற மாதிரி அடிக்கிறீங்களேண்ணா!" என்று டிஸ்பென்சரி நர்ஸ் பிலோமி தலையிலடித்துக்கொண்டாள்.

வழி தானாகக் கிடைத்தது. இன்ஹேலர் அவள் வாயில் இருக்கும்போது தனசிங் எரிச்சலில், "நீ கிள்ளுனதெல்லாம் முத்துன எலதான்" என்றார். திட்டுவதற்காகத் தபித்தாள் மூச்சை இழுத்தாள். டாக்டர் சொன்ன அதே இழுப்பு! அமுக்கினார், உள்ளே போயிற்று. பத்து எண்ணும்வரை அடக்கிவிட்டு வசவு வந்தது: "ஏனுங்க, லாரிய ஓடைக்குள்ள எறக்குனவரு பேசற பேச்சா இது?"

அன்றிலிருந்து காலையில் ஒரு அவதூறு, மாலையில் ஒன்று. இரண்டு வருடம் ஓட்டினார்கள்.

அந்த ஜனவரியில் உறைபனி விழுந்த ஒரு காலை, சளி கட்டி அவள் உதடு நீலம் பாரித்தது. எஸ்டேட் ஜீப் வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். கட்டில் ஓரத்தில் முழங்காலில் கையூன்றி உட்கார்ந்திருந்தாள். தனசிங் இன்ஹேலரை அவள் வாயில் வைத்து, எப்போதும் பலிக்கிறதைச் சொன்னார்.

"நீ கிள்ளுனதெல்லாம் முத்துன எலதான்."

தபித்தாள் முகத்தை விலக்கினாள்.

"ஆமாங்க," என்றாள்.

முப்பத்து நான்கு வருடத்தில் அவர் ஜெயித்த முதல் சண்டை. அமுக்காத விரலோடு நின்றார்.

"பொய் சொன்னேன், தபித்தா. திட்டு. ஒரே ஒரு வார்த்த திட்டு."