அக்கா போட்ட டிக்கெட்

தங்கை வீட்டை விட்டுக் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை. வாசலில் வாடகைக் கார் நின்றது. பின்கதவைத் திறந்து வைத்திருந்த ஓட்டுநர், இன்னும் எத்தனை பேரைத்தான் கட்டிப்பிடிக்கப் போகிறார்கள் என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் இருந்ததே மூன்று பேர்தான். வங்கியில் கடன் பிரிவில், சொந்த மேசையும் சொந்த மின்விசிறியும் இருந்த வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, முதுகில் ஒரு பையும் கையில் மடிக்கணினியுமாக அவள் புறப்பட்டாள். சும்மா ஊர் சுற்ற அல்ல. சில சின்ன நிறுவனங்களுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் வேலை. எந்த ஊரில் உட்கார்ந்தும் செய்யலாம், இணையம் இருந்தால் போதும். அம்மா அழுதாள். அக்கா அழவில்லை.

"டிக்கெட் நீ போட்டதாச்சேக்கா. எனக்கு ஒரு பயமும் இல்ல," என்று தங்கை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாசம் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். விமானத்தின் கடைசி வரிசை, நடு இருக்கை, முதுகுக்குப் பின்னால் கழிவறைச் சுவர், எப்படி அழுத்தினாலும் சாயாது. தேடித் தேடி அதைத்தான் போட்டிருந்தாள்.

டிக்கெட் போடுவதுதான் அவள் பிழைப்பு. கடைத்தெருவில் ஒரு பயண முகவர் அலுவலகம். ஏசி சொட்டும் மூலையில் அவள் மேசை. வாடிக்கையாளர்கள் அவளை 'டிக்கெட்டக்கா' என்பார்கள், அவளைவிட மூத்தவர்கள்கூட. எந்த விமானத்தில் எந்த ஜன்னல் இருக்கைக்கு ஜன்னலே கிடையாது, எந்த ஊரில் இறங்கி எவ்வளவு தூரம் ஓடினால் அடுத்த விமானத்தைப் பிடிக்கலாம் என்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில். விமானத்துக்குள் அவள் கால் வைத்ததில்லை.

வைத்திருப்பாள். ஒரு காலத்தில் சுற்றுலாக் குழுக்களோடு கூடவே போய்வர ஓர் ஆள் வேண்டும் என்று முதலாளி அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார். சக்கரம் வைத்த பெட்டிகூட வாங்கியாயிற்று. அம்மாதான் குறுக்கே விழுந்தாள். "ஊர் ஊரா அலையற வேலை பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குடி? ஒரு இடத்துல உக்காந்து சம்பாதி." அக்கா உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. இப்போது சின்னவள் அதே அலைச்சலைக் கேட்டபோது அம்மா என்ன சொன்னாள்? "அவளுக்கு இஷ்டம்னா போகட்டுமே. காலம் மாறிடுச்சு." காலம் மாறியதை யாரும் அக்காவுக்குச் சொல்லவில்லை.

போன தங்கை அடுத்தடுத்த ஊர்களுக்கும் அவளையே டிக்கெட் கேட்டாள். "நீ போட்டாதான்க்கா சரியா இருக்கும்." அக்கா போட்டாள். விடியுமுன் கிளம்பும் விமானம். நடுவில் ஏதோ ஓர் ஊரில் பாதி நாள் காத்திருப்பு. கைக்குழந்தைக்காரர்களைக் கொண்டுபோய் உட்காரவைக்கும் வரிசை. வேலையை முடித்துவிட்டுக் கை துடைத்துக்கொள்ளும்போது மனசு ஒரு சுற்று லேசாகும். ஆனால் அந்த நிம்மதி தங்கையின் அழைப்பு வரும்வரைதான் தாங்கும்.

அம்மா கைப்பேசியை எதிர்வீட்டுக்காரியின் மூக்குக்கு நேராக நீட்டிக்கொண்டு நிற்பாள். திரையில் தங்கை கடலோரமாக நின்று சிரிப்பாள்.

"அக்கா, அந்த விமான நிலையத்துல அவ்வளவு நேரம் இருந்தேன்ல? அங்க ஒரு அம்மா பழக்கமானாங்க. அவங்க வீட்டு மாடி அறையிலதான் இப்ப இருக்கேன். ஜன்னலைத் திறந்தா கடல்!"

"பாத்தியா, பெரியவ போட்ட டிக்கெட் என்னைக்கு வீணாப் போச்சு!" என்பாள் அம்மா.

"ஆமா, ரொம்பப் பொருத்தமாதான் போடறேன்," என்று அக்கா சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டுவாள். அவள் தள்ளிவிட்ட பள்ளத்திலெல்லாம் இந்தப் பெண் மெத்தையில் விழுந்து எழுகிறாளே என்று காதில் புகை வரும். குழந்தை வரிசையில் அழுத பிள்ளையின் தகப்பனே தங்கைக்குப் புது வேலை ஒன்று பிடித்துக் கொடுத்தான் என்று கேட்ட அன்று அக்கா சாப்பிடவில்லை.

"உன் தங்கச்சிக்கு ராசிம்மா," என்றார் முதலாளி.

"ராசிய நான்தானே சார் போட்டுக் கொடுக்கறேன்," என்றாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

இப்படியே போயிருந்தால் இது சிரித்து மறக்கிற கதை. அம்மாவுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு நின்றுபோவது போல வர ஆரம்பித்தது. இதயத்தில் வால்வு மாற்ற வேண்டும் என்றார் டாக்டர். பரிசோதனைகளுக்கு அழைத்துப் போனது, வரிசையில் நின்றது, ரத்தம் கொடுக்க ஆள் பிடித்தது எல்லாம் அக்கா. அம்மாவோ நாள் முழுக்க ஒரே பாட்டு.

"சின்னவ வந்துட்டா எனக்குத் தைரியமா இருக்கும். அவ முகத்த ஒரு தடவ பாத்துட்டு உள்ள போயிடறேன். அப்புறம் எது நடந்தாலும் சரி."

"ஏன், என் முகத்தப் பாத்துட்டுப் போக முடியாதா?"

"உன்னத்தான் தினமும் பாக்கறேனே," என்றாள் அம்மா.

தங்கை பதறிப்போய் அழைத்தாள். "அக்கா, எது சீக்கிரமோ அதைப் போடு. ஆபரேஷனுக்கு முன்னாடி நான் அங்க இருக்கணும்."

நேராக வரும் விமானம் ஒன்று இருந்தது; முதல் நாள் மாலையே வந்து இறங்கும். திரையில் காலி இருக்கைகள் பச்சைப் பச்சைக் கட்டங்களாகத் தெரிந்தன. அக்கா அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். 'உன்னத்தான் தினமும் பாக்கறேனே' என்பது காதுக்குள் குடைந்தது. "நேரா வர்றது நிரம்பிடுச்சுடி," என்று சொல்லிவிட்டு, நடுவில் மாறி ஏறும் ஒன்றைப் போட்டாள். மாறுவதற்கு இருந்த நேரம் காகிதத்தில்தான் போதும். அந்த விமான நிலையத்தில் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் பேருந்தில் போக வேண்டும் என்று அந்தத் தொழிலில் இருக்கிற எவருக்கும் தெரியும். வராமல் போகட்டும் என்று அவள் நினைக்கவில்லை. ஓடட்டும், கொஞ்சம் மூச்சு வாங்கட்டும், தலை கலைந்து வேர்த்து விறுவிறுத்துக் கடைசி நிமிஷத்தில் வந்து நிற்கட்டும் என்றுதான் நினைத்தாள்.

தங்கை ஓடினாள். விமானம் போய்விட்டது.

ஆபரேஷன் அன்று காலை தள்ளுவண்டிக் கட்டிலில் கிடந்த அம்மா வராந்தாவின் கோடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் கேட்டாள்: "இவங்க உங்க பொண்ணாம்மா?"

"இது பெரியவ. சின்னவ வெளிநாட்டுல இருக்கா. வந்துட்டே இருக்கா," என்றாள் அம்மா. அந்த நேரத்திலும் அதில் ஒரு துளி பெருமை இருந்தது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். வண்டியைத் தள்ள ஆரம்பித்தார்கள். அம்மாவின் கை அக்காவின் கையை இறுக்கிப் பிடித்தது. "வந்துட்டாளா? நல்லாப் பாருடி, வந்துட்டாளா?" கதவு வரைக்கும் அதையே கேட்டாள். கதவருகே நர்ஸ் அந்த விரல்களைப் பிரித்து எடுத்தாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம், அம்மா திரும்பி வராவிட்டால் யாரிடம் போய் என்ன சொல்வது என்று அக்கா யோசித்தபடியே இருந்தாள். பச்சைக் கட்டங்கள் கண்ணைவிட்டுப் போகவில்லை.

அம்மா பிழைத்துக்கொண்டாள். தங்கை மறுநாள் வந்து சேர்ந்தாள், கண் வீங்கி, கிளம்பிய அதே உடுப்போடு. "வழியில மாட்டிக்கிட்டேன்," என்று மட்டும் சொன்னாள். அம்மா கண் விழித்து அவளைத்தான் பார்த்தாள். "வந்துட்டியா என் கண்ணு!" பொறாமையைவிடப் பெரிதாக ஏதாவது தனக்குள் வரும் என்று அக்கா எதிர்பார்த்தாள். வரவில்லை. அதே பழைய எரிச்சல்தான் வந்தது.

அம்மா எழுந்து நடக்கிற வரைக்கும் தங்கை வீட்டில் இருந்தாள். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து வேலை பார்த்தாள், அம்மாவுக்குத் தலை வாரிவிட்டாள், அக்காவிடம் நன்றாகவே பேசினாள். ஒரு நாள் அலுவலகத்திலிருந்து அக்கா திரும்பியபோது முதுகுப்பை கட்டித் தயாராக இருந்தது.

"டிக்கெட்?" என்றாள் அக்கா.

"போட்டுட்டேன்க்கா. நானே."

அதன்பிறகு அவள் டிக்கெட் கேட்கவே இல்லை. அம்மாவோடு பேசுவாள், அக்காவை நலம் விசாரிப்பாள், வைத்துவிடுவாள். அக்காவும் எதையும் கேட்கவில்லை. ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலமும் வந்துவிட்டது. ஒரு மதியம் தேனிலவுக்குப் போகும் ஜோடிக்கு ஜன்னலோரமாக இடம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அக்காவின் கைப்பேசி அதிர்ந்தது. ஜோடியைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு எடுத்துப் படித்தாள்.

"அக்கா, நீ போட்ட டிக்கெட்டோட லட்சணம் எனக்கு முதல் தடவையே தெரியும். கழிவறைக்குப் பக்கத்துல உக்கார வெச்சே, கண்ட ஊர்ல காக்க வெச்சே. உனக்குக் கிடைக்காததுதானே எனக்குக் கிடைச்சிருக்கு, எரிஞ்சுட்டுப் போகட்டும்னு சிரிச்சுக்கிட்டே போனேன். அந்தக் கடைசி டிக்கெட்டத்தான் அப்படி விட முடியல. நேரா வர்ற விமானம் பாதி காலியாப் போச்சுன்னு கவுண்டர்ல இருந்த பொண்ணு சொன்னா. அம்மா உன் கையப் பிடிச்சுக்கிட்டு உள்ள போனப்ப நான் விமானத்த விட்டுட்டு அந்த நிலையத்துல பூட்டின கண்ணாடிக் கதவு முன்னால நின்னேன். இப்பவும் எந்த ஊர்ல எத நின்னு பாத்தாலும் அந்தக் கை உனக்குத்தானே கிடைச்சுதுன்னு வயிறு எரியுது. சொல்லிட்டேன்கிறதால மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காத. அம்மாவ சாயங்காலம் கூப்பிடறேன்."